நாற்பது வாய்க்கு ஒரு கரண்டி

டூர் பஸ்ஸில் சமையல்காரனாகப் போவது என்றால், சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருக்கிற நாற்பது பேரோடு எட்டு நாள் ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய என் முதல் டூர் இது.

பொங்கலும் பால்கோவாவும்

முதல் நிறுத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைக் கும்பிட்டு வருவதற்குள் ஒரு அண்டா வெண்பொங்கல் இறக்கி, இலை போட்டு நின்றேன். வந்தவர்கள் கையில் எல்லாம் பால்கோவாப் பொட்டலம். தெருவில் நின்றபடியே தின்று முடித்துவிட்டு, "பசிக்கல" என்று பஸ்ஸில் ஏறினார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டூர் நடத்திய சுப்பையா அண்ணாச்சி அசரவில்லை. அடுத்தது பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலை; தீபத்துக்குப் பேர்போன ஊர் இல்லை, அதே பேரில் இங்கே ஒரு சின்ன மலை. மலை மேல் பெருமாள். அண்ணாச்சி அண்டாவை மூடச் சொன்னார்: "படி ஏறி எறங்கட்டும்டே, அண்டாவையும் சேத்துத் திம்பாக."

ஸ்ரீரங்கத்துப் புளியோதரை

சேத்தூர் ராக்கம்மா அக்கா மில்லில் வேலை பார்த்தவர். மூன்று வேளையும் முதல் பந்தியில் உட்கார்ந்து, முதல் கவளத்திலேயே "உப்பு இல்ல" என்பார். உப்பு போட்டால் "புளி இல்ல" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் நான் புளியோதரை கிளறியிருந்தேன். கோயிலிலிருந்து வந்த அக்கா, ஒரு தொன்னையை என் கையில் திணித்தார். பிரசாதம் கொடுக்கிறாரே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஒத்துனது போதும், தின்னு பாரு தம்பி. இதுக்குப் பேருதான் புளியோதரை."

கும்பகோணத்தில் தலை எண்ணிக்கை

பின் சீட்டில் பாத்திரங்களுக்கு நடுவே இடுப்பு ஒடிந்துவிட்டதால், கும்பகோணத்தில் காலியாகக் கிடந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அண்ணாச்சி தலைகளை எண்ணினார். நாற்பது சரியாக வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அரை மணி கழித்து, காலடியில் ராக்கம்மா அக்காவின் ஊறுகாய் ஜாடி இடறியது. நாற்பதாவது தலை என்னுடையது! ஊர் தெரியாத இடத்தில் ஒற்றைப் பொம்பளை. பஸ்ஸைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். நான் அடுப்பு மூட்டிய அதே இடத்தில், கரி படிந்த கல் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். "பயந்துட்டீகளாக்கா?" என்றேன். "நான் எதுக்குப் பயப்படுதேன்? கொறை சொல்ல ஆள் இல்லன்னா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள உனக்கே தெரிஞ்சிரும்லா."

திருச்செந்தூரில் கரண்டி கைமாறியது

கடைசி நாள் திருச்செந்தூர். எல்லாரும் உள்ளே போன பிறகும் அக்கா போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என் கரண்டியைப் பிடுங்கினார். "நான் விடியக்காலமே கும்பிட்டுட்டேன். நீ போ. சாம்பார நான் பாத்துக்கிடுதேன்."

போனேன். முருகனுக்கு முன்னால் நின்றபோதும் சாம்பார் அடிப்பிடிக்குமோ என்றுதான் மனசு ஓடியது. திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. அக்கா என்ன போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. மூன்றாவது முறை சாம்பார் கேட்ட அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இப்படி வைக்கத் தெரிஞ்சு வச்சிக்கிட்டா ஏழு நாளும் எங்களப் பட்டினி போட்ட?"

எட்டு நாள் கோயில் டூரில் நான் உள்ளே போய்க் கும்பிட்டது ஒரே ஒரு கோயில், அன்றைக்குத்தான் என் சமையலுக்கு நல்ல பேர் கிடைத்தது.