பிடி பருத்த கரண்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடத்தில் சர்வம் என்று பெயர். சர்வமும் தெரிந்தவர் என்று கிண்டலுக்கு வைத்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தொழிலைக்கூட அவர் ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர் இல்லை. பக்கத்தில் நிற்பவனின் கை எந்தத் திருகாணிக்கு முதலில் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். மறுவாரம் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி அதையே செய்வார்.

அவர் மனைவிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை. ஆறு நாளும் ஊரார் கழுத்துக்குப் பட்டை தைத்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க அவளுக்குக் கசந்தது. பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஏதாவது ஒரு வெளிநாட்டுச் சாப்பாடு என்று ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். அந்த நகரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பிழைக்க வந்த ஒவ்வொரு கூட்டமும் தெருவுக்கு ஒரு கடை போட்டிருந்தது.

குச்சியால் சாப்பிடும் கடைக்குப் போனார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் கை போடும் கடைக்குப் போனார்கள். தேனில் ஊறிய மாமிசம், வாழ்நாளில் பார்த்திராத நிறத்தில் ஒரு சூப், எல்லாம் ஆயிற்று. எங்கே போனாலும் சர்வம் முதலில் தேடுவது மெனு அட்டையை அல்ல. அந்த நாட்டு முகம் ஒன்றை. அந்த ஆள் நேரே தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொள்வார். அவர் எடுத்தால் இவர் எடுப்பார், அவர் துடைத்தால் இவர் துடைப்பார். பிறகு மனைவிக்குப் பாடம் நடக்கும்.

அவளுக்கு இந்தக் கவலையே கிடையாது. பசித்ததைப் பிடித்த மாதிரி சாப்பிடுவாள். ஒரு கடையில் கிண்ணத்தோடு தூக்கிச் சூப்பைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று உதட்டை நக்கினாள். சர்வம் பல்லைக் கடித்துக்கொண்டு, “மானத்த வாங்காத” என்றார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து தன் தட்டைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தே சாப்பிட்டாள். அது அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவருக்கு உடம்பு கூசும்.

தூரத்து மலைநாடு ஒன்றிலிருந்து வந்தவர்களின் கடைக்கு அவர்கள் போனது மழை பிடித்திருந்த ஒரு ஞாயிறு. எதிர் மேஜையில் அந்த நாட்டு முகத்தோடு ஒரு பெரியவர், பக்கத்தில் மகள். பெரியவர் பிடி பருத்த ஒரு கரண்டியால் சாப்பிட்டார். உதட்டோரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மெல்வார். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் படக் குனிந்து விழுங்குவார். பிறகு துணியால் முகவாயை ஒற்றுவார்.

சர்வத்துக்குப் பரம திருப்தி. சோற்றுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் பார் என்று மனைவிக்கு விளக்கினார். விரலால் உதட்டைப் பிடித்தார், திரும்பினார், குனிந்தார், விழுங்கினார், ஒற்றினார். அவளையும் குனியச் சொன்னார். அவள் எதிர் மேஜையைப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் தொடாமல் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார். ஏழாவது வாய்க்குக் குனிந்து நிமிர்ந்தபோது, அந்த மகள் எதிரில் நின்றிருந்தாள்.

“எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆகுது. இன்னைக்குத்தான் கெஞ்சிக் கூத்தாடி வெளிய கூட்டிட்டு வந்தேன். இப்படி நடிச்சுக் காட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

பார்த்துச் செய்தேன், எனக்குத் தெரியாது என்று சர்வம் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் வராத சொல். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மனைவிதான் பேசினாள். “தப்பா நினைக்காதம்மா. இவருக்கும் அதே வியாதிதான். வீட்லயும் இப்படித்தான் சாப்பிடுவாரு.”

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய் அப்பாவின் காதில் சொன்னாள். பெரியவர் எழுந்தார். நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வந்து சர்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் என்று குழறலாகக் கேட்டார். சர்வம் குத்துமதிப்பாக இடது கன்னத்தைத் தொட்டார். அப்படியென்றால் இடது பக்கம் திரும்பி விழுங்க வேண்டும், நீங்கள் தப்பாகத் திரும்புகிறீர்கள் என்று பெரியவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சர்வம் அந்தச் சாப்பாடு முடியும்வரை நோயாளியாகவே குனிந்து குனிந்து விழுங்கினார். போகும்போது பெரியவர் தன் கரண்டியைத் துடைத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். விரல் சரியாக மடங்காத கைக்கென்று செய்த கரண்டியாம், வீட்டில் வேறு இருக்கிறதாம். அடுத்த ஞாயிறும் வருவோம், நீங்களும் வாருங்கள் என்றார்.

வாரம் முழுக்க அந்தக் கரண்டி சமையலறையில் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போனால்கூட அது கண்ணில் பட்டது. நேரில் போய் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றார் சர்வம்.

“அவர் சந்தோஷமாப் போனாருங்க. உங்க மனசு லேசாகணும்னு அவர் மனசக் கெடுக்காதீங்க” என்றாள் மனைவி.

அவர் கேட்கவில்லை. நாணயம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். உள்ளே கிடந்தது வேறு: கடை நிறைய ஆட்கள் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனார். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் குடையை வைத்து இடம் பிடித்திருந்தார். இவரைப் பார்த்ததும் குடையை எடுத்தார். சர்வம் உட்காரவில்லை. கரண்டியை மேஜையில் வைத்தார்.

“ஐயா, எனக்கு ஒரு வியாதியும் இல்ல. உங்க ஊர் வழக்கம்னு நினைச்சு உங்களப் பாத்துச் செஞ்சேன்.”

பெரியவர் கோபப்படவில்லை. உதட்டோரத்தைப் பிடித்திருந்த விரல்களை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாயோரம் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அன்னைக்கு ஒரு நாள்தான், யார் பாக்குறாங்கன்னு நினைக்காம சாப்பிட்டேன்” என்றார் மெதுவாக. பிறகு மகளிடம், மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல், வீட்டுக்குப் போகலாம் என்றார். மகள் சர்வத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கரண்டியை எடுத்துப் பையில் போட்டாள்.

வீட்டில் மனைவி இரண்டு தட்டு வைத்திருந்தாள். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார் என்றார்.

தட்டின் முன் உட்கார்ந்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்று கேட்டார்.

“இப்ப நான் என்ன செய்யறது?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அவள். அவர் கையைப் பார்க்கவில்லை. தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.