டவர் மாப்பிள்ளை

செருப்பைக்கூடக் கழற்றாமல், போனை முன்னால் நீட்டிக்கொண்டு, பேய் தேடுகிறவர் மாதிரி அறை அறையாகப் போகிறார் மாப்பிள்ளை. மனைவி இடுப்பில் பாப்பாவோடும், மாமனார் இரண்டு கையிலும் பெட்டிகளோடும் வாசலிலேயே நிற்கிறார்கள். நெட் எங்கே நன்றாக வருகிறது என்று தெரியாமல் எந்த வாடகை வீட்டிலும் அவர் சாமான் இறக்க விடமாட்டார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே டவர்.

"கெடைச்சிருச்சு! வாங்க எல்லாரும்!" குரல் வருவது சமையலறை மூலையிலிருந்து.

"நல்லவேளை. போன வீட்ல குளியலறையில கெடைச்சுது," என்கிறார் மாமனார். "மூணு வாரம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளிச்சோம்."

ஐந்து மாதத்தில் இது நாலாவது ஊர். பாப்பா பிறக்கும் முன்பிருந்தே டவருக்கு வீட்டிலிருந்துதான் வேலை; துணி தேய்க்கும் பலகைதான் ஆபீஸ் மேசை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர். எங்கோ ஒரு கிடங்கில் இருக்கும் பதினாலாயிரம் பெட்டிகளில் எது எந்த அடுக்கில் என்று உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவார். தன் சாக்ஸ் எந்தப் பையில் என்று கேட்டால் முழிப்பார். மீட்டிங்கில் மட்டும் வாயே திறப்பதில்லை. "பேசினா அந்த வேலைய நம்ம தலையிலயே கட்டிருவாங்க மாமா."

ஆனால் வேலை செய்யும்போது பெட்டிப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கிற பழக்கம் உண்டு. ஏழு மாதப் பாப்பா அதைக் கேட்டால்தான் தூங்குவாள். "வயித்துக்குள்ளயே கேட்ட பாட்டு," என்று மாமனாருக்கு ஒரே பெருமை. "நான் தாலாட்டு பாடினா தங்கக்கட்டி கையக் கொட்டிச் சிரிக்குது!"

இந்த வீட்டுக்கு வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை மீட்டிங். இப்படியே ஊர் ஊராகப் போகலாமா, இல்லை அடுத்த மாதம் ஆபீசுக்கே திரும்பவேண்டுமா என்று மேனேஜர் சொல்லப்போகிற நாள். அடுத்த ஊரில் கடல் இருக்கிறது. மனைவி அதற்காகவே காத்திருந்தாள். "என்னங்க, பாப்பா அழறது மட்டும் அவருக்குக் கேக்கக்கூடாது."

மீட்டிங் தொடங்கிய நிமிஷமே பாப்பாவும் தொடங்கினாள். மாமனார் யானையானார், குதிரையானார், ஒன்றும் எடுபடவில்லை. மனைவி பதுங்கிப் பதுங்கி வந்து, கேமராவுக்குத் தெரியாமல் பாப்பாவை அவர் மடியில் போட்டாள்.

வேறு வழியில்லை. டவர் வாயைத் திறந்தார். "பதினேழாம் அடுக்கு, நாலாம் வரிசை, ஈரம் இறங்குது சார்..." அழுகை நின்றது. மூச்சு வாங்க நிறுத்தினால் மடியில் பாப்பாவின் உதடு பிதுங்கியது. நாற்பது நிமிஷம். எந்தப் பெட்டி தலைகீழாக இருக்கிறது, எதை வாசல் பக்கம் வைத்தால் நடை மிச்சம், ஒன்று விடவில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன நாளா இதெல்லாம் எங்கய்யா வச்சிருந்தீங்க? இங்கயே உக்காந்திருக்கவங்களுக்குக்கூட இது தெரியல! நீங்க எந்த ஊர்ல வேணாலும் இருங்க. சரி, முடிச்சுக்கலாம்."

மனைவி சுவரோரமாகச் சத்தமில்லாமல் குதித்தாள். "ஜெயிச்சாச்சு மாப்பிள்ள, நிறுத்துங்க," என்று மாமனார் கிசுகிசுத்தார்.

டவர் குனிந்து பார்த்தார். பாப்பாவுக்கு ஒரு கண் மூடிவிட்டது, இன்னொன்று பாதிதான். திரையில் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம்," என்று டவர் கையைத் தூக்கினார்.