சிவப்புப் பேனாவும் ஏழாவது கேள்வியும்

“என் கையில இந்த ஃபாரத்தைக் கொடுத்துப் பாருங்க. ஏழு கேள்விக்கும் ஏழு ‘ஆமா’ விழும். ஒரே ஒரு ‘இல்லை’ விழுந்தாலும், அந்த நிமிஷமே இந்த நாற்காலியை விட்டு எழுந்துடறேன்.”

கொசு வாத்தியார் இதைச் சொல்லும்போதெல்லாம் எதிர் பெஞ்சில் யாராவது ஒருவர் காய்ச்சலில் சுருண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நோயாளி நிரப்பிய படிவத்தில் ‘இல்லை’ விழுந்த இடங்களை வாத்தியார் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். ஒரு சுற்று அல்ல, மூன்று. முதல் சுற்று டாக்டரின் கவனத்துக்கு, இரண்டாவது ஆவணத்துக்கு, மூன்றாவது பெஞ்சில் இருப்பவரின் மனசாட்சிக்கு.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்லர். மலேரியாக் கொசு உள்ள வெப்பநாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பும் மருத்துவமனையில் ஆலோசனை மேஜை அவருடையது. ‘கொசு வாத்தியார்’ என்பது ஊசி அறை நர்ஸ் சூட்டிய பட்டம். சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

இருபத்தாறு வருடமாக ஒரே பாடம். முழுக்கைச் சட்டை போடு, களிம்பு தடவு, வலைக்குள் தூங்கு. புல்லில் நடந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால் விரலிடுக்குவரை பார். எந்த வரியில் பெருமூச்சு விடுவது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். களிம்புக்கு முன்னால் சின்னதாக ஒன்று. வலைக்குப் பின்னால் பெரிதாக ஒன்று.

களைப்பு பாடத்தால் வந்ததல்ல, மாணவர்களால் வந்தது. “என் ரத்தம் கசப்பு சார், கொசு கிட்டவே வராது” என்பார் ஒருவர். “ஆமாங்க, கொசுவுக்குச் சர்க்கரை வியாதி. கசப்பாத்தான் தேடிட்டிருக்கு” என்பார் வாத்தியார், தலை நிமிராமல். ஒரு கட்டட மேஸ்திரி மார்பைத் தட்டிக்கொண்டு, “என்னைக் கடிச்சா கொசுதான் சாகும்” என்றார். “சாகும்ப்பா. உன்கிட்ட வாங்க வேண்டியதை வாங்கிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டு, நிம்மதியா சாகும்.”

ரொம்ப மிஞ்சுகிறவர்களுக்கு மட்டும் மேஜை டிராயர் திறக்கும். அதில் ஒரு பழுப்பேறிய படிவம். ஊர் திரும்பி மூன்றாவது வாரம் நடுக்கம் கண்டும், “ஜலதோஷம்தான், சரியாயிடும்” என்று ஆறு நாள் தள்ளிப்போட்ட ஓர் எஞ்சினியருடையது. பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தது இருபது நிமிடம். வீட்டுக்குத் திரும்பவில்லை. வாத்தியார் அந்தப் படிவத்தை எடுத்து எதிரில் வைப்பார். ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைப்பார், அவ்வளவுதான்: ‘ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் மாத்திரையைத் தொடர்ந்தீர்களா?’

இப்படிப்பட்டவர் ஒரு வெப்பநாட்டை நேரில் பார்த்ததில்லை என்பது மருத்துவமனையின் செல்ல ரகசியம். இந்த வருடம்தான் அப்படி ஒரு நாட்டில் குடியிருக்கும் தங்கை வற்புறுத்தி வரவழைத்தாள். இரண்டு வாரம். முழுக்கை, முழுக்கால், காலுறைக்குள் செருகிய பேன்ட், தொப்பியிலிருந்து தொங்கும் வலை என்று போய் இறங்கிய அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, “ஏண்ணா, என்னைப் பார்க்க வந்தியா, தேன் எடுக்க வந்தியா?” என்று கேட்டாள்.

அத்தனை கவசத்திலும் இடது காலுறையில் மிளகளவு ஓட்டை ஒன்று இருந்தது. உலகத்தில் எத்தனையோ வேலை கிடக்க, ஒரு கொசு அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்தது. வாத்தியார் கலங்கவில்லை. கவசம் தவறினால் காப்பாற்றத்தானே வாரம் ஒரு மாத்திரை?

ஊர் திரும்பினார். பெட்டியைப் பிரித்தார். தன் தலையணையில் தலைவைத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தபோது நாலு மாத்திரை பாக்கி இருந்தது. அதைப் போட்டால் அரைநாள் தலை சுற்றும். அங்கே சுற்றியது சரி. அந்நிய மண், சுற்றட்டும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதற்காகச் சுற்ற வேண்டும்? ‘வீட்டுக்குத்தான் வந்தாச்சே’ என்று நினைத்தார். எத்தனையோ பேர் இதே வார்த்தையைச் சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அட்டை சட்டைப் பைக்குப் போனது, பையிலிருந்து ஆபீஸ் டிராயருக்குப் போனது.

ஊர் திரும்பிய இருபத்தாறாம் நாள் மத்தியானம் போர்வை கேட்டார்.

“இந்த வெயில்லயா?” என்றாள் மனைவி.

“ஆபீஸ் ஏசி ஒத்துக்கல.”

“உங்க ஆபீஸ்ல ஏது ஏசி? ஃபேனே நீங்க முறைச்சாத்தானே சுத்தும்?”

“புதுசா போட்டிருக்காங்க.”

அவள் நெற்றியைத் தொட வந்தாள். வாத்தியார் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். மாலையில் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. மறுநாள் சுகமாக இருந்தார். ஜலதோஷம்தான் என்று முடிவு கட்டினார். அதற்கு மறுநாள் காலையில் ஆபீஸுக்கு வந்தபோது, வேண்டாத ஸ்வெட்டர் ஒன்று உடம்பில் ஏறியிருந்தது.

“என்ன வாத்தியாரே, மலையேறப் போறீங்களா?” என்றாள் நர்ஸ்.

“உன் வேலையைப் பாரும்மா” என்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை. அவளும் அதைக் கவனித்துவிட்டுத்தான் ஊசி அறைக்குள் போனாள்.

பதினோரு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு ஓர் ஆசிரியை வந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் வாத்தியார் சொல்வதை எழுதிக்கொண்ட முதல் ஆள். கடைசியில் பேனாவை நிறுத்திக் கேட்டார்: “ஒரு சந்தேகம் சார். இங்கதான் அந்தக் கொசுவே கிடையாதே. திரும்பி வந்தப்புறம் எதுக்கு நாலு வாரம்?”

“கொசு அங்கேயே நின்னுடும்மா. அது கொடுத்தது டிக்கெட் எடுக்காம உங்ககூட வரும். ஈரல்ல ரூம் போட்டுத் தங்கும். நீங்க பெட்டியை மூடி, பரண்ல போட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு கால் நீட்டின பிறகு வெளியில வரும். அப்ப ரத்தத்துல மாத்திரை காவலுக்கு இருக்கணும். இல்லேன்னா…”

பல் ஒரு முறை தந்தியடித்தது. வாத்தியார் தாடையை இறுக்கிக்கொண்டார்.

“இல்லேன்னா?”

“முதல் காய்ச்சலன்னிக்கே ரத்தம் பார்க்கணும். நாளைக்குப் பார்ப்போம்னு நினைக்கக்கூடாது.”

ஆசிரியை அதையும் எழுதி, அடிக்கோடிட்டார். “நீங்க இப்படிச் சொன்னப்புறம் யார் சார் மறப்பாங்க?” என்று மனசாரச் சொல்லிவிட்டு ஊசி அறைப் பக்கம் போனார்.

வாத்தியார் டிராயரைத் திறந்தார். எஞ்சினியரின் படிவம் கிடந்தது. அதன் மேலேயே அந்த மாத்திரை அட்டை, நாலு மாத்திரையோடு. பிறகு படிவக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவினார். ஆறு கேள்விகளுக்குச் சரசரவென்று ‘ஆம்’ போட்டார். ஏழாவதற்குப் பேனா ஒரு முறை மேலே போய், திரும்பி, பக்கத்துக் கட்டத்தில் இறங்கியது.

சிவப்புப் பேனாவை எடுத்தார். குளிர்க் காய்ச்சலில் வட்டம் கோணலாக வந்தது. இருந்தாலும் விடவில்லை; மூன்று சுற்றும் சுற்றினார். மாத்திரை அட்டையைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, டாக்டர் அறையைப் பார்த்த அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.