ஆயுத பூஜைக்கு வைத்த ஆன்டிபாடி

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு அவரவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரகடத்தில் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் ரோபோவுக்கே சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள். எங்களிடம் இருப்பது பைப்பெட்டும் மைக்ராஸ்கோப்பும்தான். அந்த வருஷம் நான் பைப்பெட்டை வைக்கவில்லை, நான் செய்த ஆன்டிபாடியையே டப்பாவோடு வைத்தேன். திமிர், வேறென்ன!

நரம்பு செல்லுக்குள் நீளநீளமாக ஒரு புரதம் ஓடுகிறது. நியூரோஃபிலமென்ட் என்று பெயர். பந்தலுக்குள் மூங்கில் நிற்கிற மாதிரி, செல்லின் உருவம் குலையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எங்கள் ஆன்டிபாடி அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஒளிரும் சாயம் ஒன்றை ஏற்றினால், மூளைத் துண்டில் நரம்பு எங்கெங்கே போகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பச்சையாகத் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்களிடம் வாங்குவார்கள். எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பத்து வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி லைனில் நின்றவள் நான். முப்பத்தைந்தைத் தாண்டி லேபுக்கு வந்தேன். செல்லை வளர்ப்பதிலிருந்து வயல் என்கிற சின்னக் குப்பியில் அடைப்பது வரை முழுக்க நானே செய்த முதல் லாட், முதல் தொகுதி, அது. சாமிக்கு முன்னால் அதை வைக்காமல் எதை வைப்பேன்? கற்பூரம் காட்டும்வரை பத்து நிமிஷம், அப்புறம் ஃபிரிட்ஜுக்குள் என்று நினைத்திருந்தேன்.

பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கைக்கு வருவதற்குள் குன்றத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. மறுநாளிலிருந்து இரண்டு நாள் லீவு. எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். படப்பை வந்தபோதுதான் டப்பா ஞாபகம் வந்தது. எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா சேரப்பணஞ்சேரிக்காரர். கடைசியாக விளக்கணைத்துவிட்டுப் போகிறவர் அவர்தான். அவருக்கு மெசேஜ் போட்டாயிற்று என்ற நிம்மதியில் சீட்டிலேயே தூங்கிப்போனேன்.

லீவு முடிந்து வந்து பார்க்கிறேன், டப்பா குங்குமப் பொட்டோடு சாமி படத்துக்கு முன்னால் அப்படியே இருக்கிறது. ஏசி இல்லாத அறை. மூன்று மாத உழைப்பு. எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், மூளை மெதுவாகப் பின்னால் வரும். அக்கா அப்போது துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"மெசேஜ் போட்டேனே, பாக்கலியா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"இன்னாமா பேசற? எனக்கு ஒண்ணியும் வர்ல. பூஜைல வச்ச பொருள, யாரும் சொல்லாம நான் எப்டிமா எடுப்பேன்?"

"பொய் வேற சொல்றீங்களா?" என்று கத்தினேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

எங்கள் லேப் ஹெட் திருநெல்வேலிப் பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் மேடம் என்பேன், அவள் அக்கா என்பாள். என் கத்தலைக் கேட்டு வந்தவள், நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்லி கான்ட்ராக்டருக்குப் போன் செய்தாள். ஹவுஸ்கீப்பிங் அக்கா அன்றைக்கு மத்தியானமே யூனிஃபார்மை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மெசேஜை மேடத்திடம் காட்டலாம் என்று கேன்டீனில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். 'அக்கா, சாமிகிட்ட இருக்கிற வெள்ளை டப்பாவை ஃபிரிட்ஜில் வச்சிடுங்க' என்று அழகாக டைப் செய்திருக்கிறேன். அனுப்பவில்லை. எழுதிய இடத்திலேயே இருக்கிறது.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் ஆன்டிபாடி பிழைத்திருக்கிறதா என்று பார்ப்போம், பிழைத்திருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்று அப்போதே தெரியும்.

நல்லவேளையாக அந்த லாட்டில் இரண்டு வயலைத் தனியாக ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்திருந்தேன். எலி மூளைத் துண்டு ஒட்டிய இரண்டு ஸ்லைடு எடுத்தேன். ஒன்றின்மேல் ஃபிரிட்ஜில் இருந்த ஆன்டிபாடியை விட்டேன், மற்றதன்மேல் பூஜையில் இருந்ததை. மறுநாள் சாயம் ஏற்றி, இருட்டறையில் மேடமும் நானும் குனிந்து பார்த்தோம். முதல் ஸ்லைடில் கருப்புக்குள் பச்சை நூல்கள், சீராக, தெளிவாக. இரண்டாவதை வைத்தேன். அதே பச்சை, அதே நூல்கள், கொஞ்சம்கூடக் குறையவில்லை.

மேடம் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "கெட்டிக்கார ஆன்டிபாடிதான்க்கா! இந்த லாட்ட விக்காண்டாம். ஆனா கொரியர்ல ஐஸ் உருகிட்டுன்னு எத்தன பேரு சண்டைக்கு வாராவ? இத வச்சே, சூட்டுல எத்தன நாள் தாங்குதுன்னு முழுசா ஒரு சோதன பண்ணுவோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த அக்காவைக் கூப்பிட்டுடலாமா?" என்றேன்.

"அவிய வேண்டாம்க்கா. ஆன்டிபாடி பொழச்சது நம்ம அதிர்ஷ்டம். அவிய கவனக்குறைவு கவனக்குறைவுதான?"

தானாக ஒன்றும் சரியாகவில்லை. போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இத எப்பப் பாத்திய?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தைக்கா? ஒரு நா முழுக்கவா சும்மா இருந்திய?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தவறு நடந்தால் நிரப்பவேண்டிய படிவத்தை அவள் என் பக்கம் தள்ளினாள். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, நடந்ததை எல்லாம் எழுதினேன். எழுத எழுத மனசு லேசானது. அன்று சாயங்காலமே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அக்காவுக்குத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கான்ட்ராக்டரிடமிருந்து போன் போனது.

மறுநாள் காலையில் அக்கா ஸ்டோர் ரூமில் பக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"பத்து பேருக்கு முன்னாடி என்னிய பொய் சொல்றவன்னு சொன்ன. இப்ப கதவ சாத்திகினு மன்னிப்பு கேக்கறியா? என் பொண்ணு இங்க பக்கத்து கம்பெனிலதான் லைன்ல கீது. அது காதுக்கும் போச்சு தெரியுமா?"

எனக்கு முகம் எரிந்தது. அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூட அநியாயமில்லை.

டீ நேரத்தில் கேன்டீன் நிரம்பியிருந்தது. மேடமும் இருந்தாள். அக்கா ஓரமாக டம்ளரோடு நின்றிருந்தார். நான் எழுந்து நின்றேன். லைனில் நின்ற பத்து வருஷத்தில்கூடக் கால் இப்படிக் கனத்ததில்லை.

"அன்னிக்கு அக்கா பொய் சொல்லல. நான்தான் மெசேஜ் அனுப்பல. அனுப்பாமலே அவங்களைத் திட்டிட்டேன்" என்றேன்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுமா. அன்னிக்கு நீ கத்துனது வாசல் கேட்டு வரைக்கும் கேட்டுச்சு."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் இளகியிருந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டிலிருந்த செக்யூரிட்டி அண்ணன் என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்தார்.