அப்பா குளித்த பச்சைத் தண்ணீர்

அன்று வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி, அப்பா, ஹீட்டரைப் பார்க்க வந்த வயர்மேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இல்லாததும் நல்லதாகப் போயிற்று.

மறுநாள் ஞாயிறு. ரவாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பையும் கட்டியாயிற்று. ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். அம்மா போன பிறகு, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவரை புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். இனிமேல் அப்பா என்னோடுதான் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எதற்காகப் போகிறார் என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு நெஞ்சில் சளி. பச்சைத் தண்ணீரில் குளிக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால்தான் ஹீட்டரே வாங்கினேன். குளியலறைச் சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. மாட்டிய நாளிலிருந்து எனக்குப் பயம். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் எப்படிச் சும்மா இருக்கும்? கரண்ட் கசிந்தால் தானாக அணைகிறதா என்று பார்க்க மெயின் பெட்டியில் ஒரு டெஸ்ட் பொத்தான் உண்டு, மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள் என்று கடையில் சொன்னார்கள். நான் வாரா வாரம் நாற்காலி போட்டு ஏறி அழுத்தினேன். வீடே அணைந்துபோகும். சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டு இறங்குவேன். அப்போதுதான் மனசு ஆறும். இறங்கும்போது, "கரண்ட் பில் வேற ஏறிக்கிட்டே போவுது" என்று முணுமுணுப்பதும் என் வழக்கம்.

அப்பாவுக்கு எப்போதாவது ஷாக் அடித்திருக்குமோ, அதைச் சொல்லாமல்தான் கிளம்புகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, எர்த் எல்லாம் நல்லாத்தான் இருக்குலா. நீங்கதான் ஷாக் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க."

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் நின்னாரு" என்றாள் மனைவி.

வயர்மேன் சிரித்துக்கொண்டே குழாயை முழுதாகத் திறந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷவரிலிருந்து தண்ணீர் கொட்டியது. கதவோரம் நின்றிருந்த அப்பா கையை நீட்டியவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அட, சுடுதே!"

"சுடத்தானே ஐயா ஹீட்டரு?"

"எனக்கு ஒருநாளும் சுட்டதில்லையே."

வயர்மேன் விலகி நின்று, "நீங்க எப்படித் தொறப்பீங்க, காட்டுங்க" என்றார்.

அப்பா ஷவரைக் கொக்கியிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டார். குழாயை நூல் போலத் திறந்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஷவரிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அவர் அப்படித்தான் திறப்பார். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எட்டு வீட்டுக்கு ஒரு பைப்பு. அதை யாராவது முழுதாகத் திறந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"ஐயா, இதுக்குள்ள சுடுதண்ணிய சேத்து வைக்கிற தொட்டியெல்லாம் கெடையாது" என்றார் வயர்மேன். "தண்ணி ஓடுற ஓட்டத்துலதான் சுடும். வேகமா வந்து தள்ளுனாத்தான் உள்ள இருக்கிற சுவிட்ச் ஆன் ஆவும். நீங்க இப்படிச் சொட்டுச் சொட்டா விட்டா அது தூங்கிப்போயிரும்."

நானும் மனைவியும் ஷவரை முழுதாகத் திறந்து நின்றுகொண்டு குளிப்பவர்கள். எங்களுக்கு ஒருநாளும் பச்சைத் தண்ணீர் வந்ததில்லை.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அப்பா என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னார். "நீ நாக்காலி போட்டு ஏறி அந்தப் பெட்டியில என்னமோ அடைப்பே. வீட்டு வெளக்கெல்லாம் திரும்ப வந்துரும், சுடுதண்ணி மட்டும் வராது. பில்லுக்காக நீ நிப்பாட்டி வச்சிருக்கேன்னு நெனச்சேன். அதான் மாசம் இருவது வெள்ளி குடுத்தேன்."

அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தருகிறார் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து, கேட்காமலேயே முப்பதாக ஆக்கினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

"அப்புறம் ஏம்ப்பா முப்பது?"

"இருவது பத்தல போலன்னுதான்."

வயர்மேன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காசு வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஷாக் அடிக்குமா, பெட்டி வெடிக்குமா என்று ராத்திரியெல்லாம் புரண்டவன் நான். ஒருநாள் காலையில் நான் அவருடைய வாளியில் கையை விட்டுப் பார்த்திருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு நானே குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். வெகுநேரம் குளித்தார். வெளியே வந்து, "நல்லா இருக்குப்பா" என்றார். இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன். காலையில் பையோடு வாசலில் நின்றார்.

"அதான் சரியாயிருச்சேப்பா?"

"தங்கச்சி வரச் சொல்லிட்டா. பாத்துக்கிட்டு இருப்பா."

கார் அவள் வீட்டு வாசலில் நின்றதும், அவர் மாதா மாதம் தந்த பணத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்தேன். எடுத்து என் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். "நீ வச்சுக்கப்பா, பில்லு கட்டணும்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறமும் இரண்டு தடவை தங்கையிடம் கொடுத்துப் பார்த்தேன். வாங்கக்கூடாது என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். மூன்று மாதம் இருபது, மூன்று மாதம் முப்பது. அப்பாவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நூற்றைம்பது வெள்ளி.