மயக்கம் போடாத எஞ்சினியர்

எங்கள் கிளினிக் ஜாலான் புசார் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே இரும்புச் சாமான் கடை. நான் பதிவு மேசையில் உட்காருகிறவள். வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டுமானத் தொழிலாளர்கள், அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள். இருபது வருடமாக இதே நாற்காலி என்பதால், ஆள் படியேறி வருகிற சத்தத்திலேயே அவருக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும் என எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதை இது.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலை, முப்பதை நெருங்கும் ஒருவர் வந்து கம்பெனிக் கடிதத்தை நீட்டினார். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தார். பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அவரை நேர்காணல் செய்திருக்கிறார்கள். அதில், கல்லூரியில் மயங்கி விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறாராம். உயரத்தில் நின்று வேலை பார்க்கத் தகுதியானவரா என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"என்னத்துக்கு அனுப்பியிருக்காங்கன்னே தெரியலக்கா. ரெண்டு மணிக்குள்ள டாக்டர் லெட்டர் வேணுமாம். கோர்ஸுக்குப் போறவங்க லிஸ்ட்டை இன்னைக்கு அனுப்புறாங்க. நான் போகலைன்னா அடுத்த ஆளைப் போட்டுருவாங்க" என்றார்.

"எப்பெப்போ மயக்கம் வரும்?" என்று கேட்டேன்.

"எனக்கா? மயக்கமே வந்ததில்லையே."

இந்த பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சர்க்கரையை மறைப்பார்கள், இடுப்பு வலியை மறைப்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதீங்க லா. மேலேருந்து விழுந்தா யாரு பொறுப்பு? காலேஜ்ல மயங்கி விழுந்தேன்னு நீங்களே சொன்னதா இதுல எழுதியிருக்கு" என்று நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் அப்படிச் சொல்லல. என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாங்க. பி.இ. சிவில், காலேஜ்லேருந்து பாஸ்டு அவுட்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே 'பாஸ்டு அவுட்'தான் ஆங்கிலத்தில் இருந்தது. எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், நினைவு தப்பி விழுவது. சட்டென்று என் மகனின் தேசிய சேவை, இங்கே பையன்கள் கட்டாயம் போகிற ராணுவப் பயிற்சி, நினைவுக்கு வந்தது. பயிற்சி முடிந்த அன்று நடந்த அணிவகுப்புக்கும் 'பாஸிங் அவுட்' என்றுதானே பெயர்? நான் வெயிலில் நின்று பார்த்தேன். பையன்கள் ஒருவரும் விழவில்லை, விழப்பார்த்தது நான்தான். தமிழ்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வெளியே வருவதற்கும் இதையேதான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. மனிதர் படித்து முடித்தேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் விழுந்தேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளங்கச் சொன்ன பிறகும் அவர் சிரிக்கவில்லை. "ஆறு வருஷமா நான் படிச்சதை சைட்ல யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. கேலி பண்ணுவாங்கன்னு. அன்னைக்குத்தான் முதல் தடவையாச் சொன்னேன். அதுவும் வியாதியாப் போச்சு" என்றார். என் சிரிப்பு அதோடு நின்றது.

கடிதத்தோடு நேராக மருத்துவர் அறைக்குப் போனேன். அவர் சீனப் பெண்மணி, சிக்கனமாகச் சிரிப்பவர். அன்று விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். உடனே அந்த இளைஞரை உள்ளே கூப்பிட்டுச் சோதித்தார். இதயம், கண், காது, ஒற்றைக் காலில் நிற்பது, எல்லாம் சரி. ரத்த அழுத்தம் மட்டும் எகிறியிருந்தது. இப்படி இருந்தால் கையெழுத்துப் போட முடியாது, அரைமணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்ப்போம் என்றார். யார் ஏற்றிவிட்ட அழுத்தம் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

மணி பன்னிரண்டரை. கீழே இறங்கிப் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போய் ஒரு பார்லித் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவாக வராது, வாங்கிக் கொடுக்க வரும். "எஞ்சினியரிங் படிச்சிட்டு ஏன் கம்பி கட்ட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ப் பக்கம் கல்லெறிஞ்சா எஞ்சினியர் மேலதான் விழும்க்கா. காலேஜுக்கு வேலை கொடுக்க ஒரு கம்பெனியும் வரல. போன் கடையில நின்னேன், பைக்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கவர்மென்ட் பரீட்சை ரெண்டு தடவை எழுதினேன். பரீட்சை ஹால் வாசல்ல பார்த்தா தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். வேலை பத்துப் பேருக்குத்தான்."

"என்ன செய்யறது, அங்க ஜனத்தொகை அப்படி" என்றேன். இங்கே எல்லாரும் சொல்கிற வசனம். நானும் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா கூட்டம்னு சொல்லும்போது யாரும் தன்னைச் சேர்த்துக்கிறதில்ல. அந்த வாசல்ல நின்னவங்க ஒவ்வொருத்தரும் ஒரு வீட்டுல முதல்ல படிச்ச பிள்ளைக்கா. எங்கப்பா பேருக்குக் கையெழுத்துப் போடுவாரு, அவ்வளவுதான். இப்ப என் தங்கச்சி நர்சிங் கடைசி வருஷம். எங்க தெருவுலேருந்து காலேஜ் பஸ் ஏறின முதல் பொண்ணு அதுதான். இன்னைக்கு அதே பஸ்ஸுல எங்க தெருப் பொண்ணுங்க ஏழு பேர் போகுதுங்க. கூட்டம்தான். ஆனா நகருது."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா கப்பலேறி வந்ததும் அந்தக் கூட்டத்திலிருந்துதான். அவர் வந்து சேர்ந்த ஊரில் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக, நான் ஏதோ தனியாக முளைத்தவள் போலப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தங்கையின் பரீட்சை எப்போது, எந்த வார்டில் பயிற்சி என்று கேட்டுக்கொண்டே போனேன். தங்கையைப் பற்றிப் பேசப் பேச அவருடைய தோள் தளர்ந்து இறங்கியது.

ஒன்றே காலுக்கு மறுபடி சோதித்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. மருத்துவர் தாமே தட்டச்சு செய்து கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தார். வழக்கமாக ஒரு வரிதான் எழுதுவார். அன்று மூன்று வரி. 'இவருக்கு எப்போதும் மயக்கம் வந்ததில்லை. இவர் சிவில் எஞ்சினியரிங் பட்டதாரி, அதைத்தான் நேர்காணலில் சொல்லியிருக்கிறார். உயரத்தில் வேலை பார்க்க முழுத் தகுதி உள்ளவர்.'

நான் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று நடு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "கிளம்புங்க, பஸ் போயிரும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்று விரட்டினேன். கிளினிக் எண்ணுக்குப் போன் பண்ணி முடிவைச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டேன். அவர் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

இரண்டு மணிக்கு மேல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு பேரின் அட்டையை மாற்றிக் கொடுத்து மருத்துவரிடம் பேச்சு வாங்கினேன். இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"அக்கா, லிஸ்ட்ல பேரைச் சேர்த்துட்டாங்க."

"அப்பாடா" என்றேன்.

"என்னை இன்டர்வியூ பண்ணின ஆபீசர் லெட்டரைப் படிச்சிட்டு சாரி சொன்னாருக்கா. பேருக்குப் பின்னால பி.இ. போடணுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

லாரிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"போடுங்கன்னு சொன்னேன்க்கா."