முகம் வராது என்ற பேச்சு

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த சந்தனமாரிக்கு, வருஷக்கணக்காகக் கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்றதில் கால் நரம்புகள் புடைத்துக்கொண்டன. இனி நிற்க முடியாது என்றானதும், படப்பையில் நைட்டிக் கடை வைத்திருந்த எழிலரசனிடம் உட்கார்ந்து செய்கிற வேலையில் சேர்ந்தாள். ஆன்லைனில் விற்கும் துணிகளுக்கு ஏஐயில் படம் செய்து தரவேண்டும். யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

படத்தில் வந்த பெண்களெல்லாம் மெழுகுபொம்மைகள். துணி தகரம்போல விறைத்து நின்றது. கைக்கு வந்தது படத்தில் பார்த்ததுபோல இல்லையென்று வாங்கியவர்கள் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் லோரா என்ற ஒன்றைப் பற்றி அறிந்தாள். நிஜமான ஒருத்தியின் படங்களைக் கொடுத்துப் பழக்கினால் சின்னதாக ஒரு கோப்பு கிடைக்கும். அதை ஏஐயோடு சேர்த்துவிட்டால் உடம்பும் துணியும் அவளுக்கு இருப்பதுபோலவே வரும்.

பழைய லைன் தோழி ஜோவிதாவிடம் போனாள். வடக்குப்பட்டுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள்.

"என் ஒடம்புல படம் புடிக்க இன்னாக்கா கீது?" என்று சிரித்தாள் ஜோவிதா.

"உள்ளது உள்ளபடி இருக்குல்லா, அதுக்குத்தாம்ட்டி. மொகம் வராது. எங்க கடையத் தாண்டி எங்கயும் போவாது."

அந்தப் பேச்சை நம்பி, ஞாயிறு பூசை முடிந்து வந்து, நைட்டி மாற்றி நைட்டி போட்டு நின்றாள் ஜோவிதா.

படங்கள் உயிரோடு வந்தன. இடுப்பில் துணி சுருங்க வேண்டிய இடத்தில் சுருங்கியது. திரும்பி வரும் பார்சல்கள் குறைந்தன. எழிலரசன் முதல்முறையாக அவளுக்கு டீ வாங்கித் தந்தான்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஜோவிதா போனை நீட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். யாரோ விற்கும் உள்ளாடைக்கு விளம்பரம். முகம் யாருடையதோ. அதற்குக் கீழே தோளின் சரிவு, வயிற்று மடிப்பு, முழங்கைக்கு மேலே குக்கர் ஆவி சுட்ட தழும்பு.

"இது நான்தானேக்கா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமாட்டி" என்றாள் சந்தனமாரி.

எழிலரசனிடம் கேட்டாள். "ஃபிரெண்டு அந்த ஃபைல கேட்டான், குட்த்தேன். மூஞ்சி அவங்குளுது இல்லியே, இன்னா இப்ப?"

"நான் வாக்குக் குடுத்திருக்கேன், அண்ணாச்சி."

"நீ குட்த்த. நான் குட்த்தனா?"

அவன் கண்ணெதிரிலேயே கடைக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பை அழித்தாள். அன்றோடு வேலை போயிற்று. விளம்பரம் வந்த இடத்துக்குப் புகார்மேல் புகார் அனுப்பியதில் அந்தப் படம் மறைந்தது. ஆனால் கோப்பு நண்பனின் நண்பனுக்கும் போய்விட்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க யாராலும் ஆகாது.

வடக்குப்பட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோவிதா திட்டவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எந்த விளம்பரம் வந்தாலும் இப்பல்லாம் மூஞ்சிய பாக்கறதில்லக்கா. கீழதான் பாக்கறேன், நானான்னு."

சந்தனமாரி எதிரே உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். ஜோவிதா தடுக்கவில்லை.